பிகாம் படிச்சவன் ஏஐ கத்துக்க எங்க ஆரம்பிக்கணும்?

மஞ்சகுப்பத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 26, பிகாம், கடலூர் ஓடில (ஓல்டு டவுன்) ஒரு மீன் கம்பெனில கணக்கு எழுதுறேன், எக்செல் நல்லா வரும் ஆனா கோடிங் ஒரு வரி தெரியாது. ஏஐ கத்துக்கணும்னு ஆறு மாசமா மனசுல ஓடிட்டே இருக்கு. போன வாரம் பாண்டில ஒரு சென்டர்ல விசாரிச்சேன், 45,000 கட்டுங்க மூணு மாசத்துல வேலைன்னாங்க, டெமோ கிளாஸ்ல சாட்ஜிபிடில கேள்வி கேக்குறதத்தான் ஒரு மணி நேரம் காட்டுனாங்க. அப்பாகிட்ட காசு கேக்க மனசு வரல. என்னால முடியுமா?

பாண்டி அக்கா:
தம்பி பணம் கட்டிடாதீங்க. நானும் காமர்ஸ்தான், இப்ப டேட்டா வேலைலதான் இருக்கேன். பிளஸ் ஒன் வணிகக் கணிதத்துல ஒட்டுறவு, தொடர்புப் போக்குன்னு ஒரு பாடம் வருமே, ஒரு எண்ண வெச்சு இன்னொண்ண கணிக்கிற அந்த ரிக்ரஷன்தான் மெஷின் லேர்னிங்ல, அதாவது பழைய கணக்கப் பாத்து கம்ப்யூட்டரே கத்துக்குறதுல, மொத படி, பழைய புக்க எடுத்து அத மட்டும் திரும்பப் படிங்க. அப்புறம் பைத்தான்னு ஒரு கோடிங் மொழி, ஒரு மாசம் போதும். கம்ப்யூட்டர்ல எதுவும் ஏத்த வேணாம், கோட் எழுதி ஓட்டுற கூகுள் கோலாப் பிரவுசர்லயே ஓடும், ஃப்ரீ. உதாரணத்துக்கு எங்கயும் போகாதீங்க, உங்க கணக்கு நோட்டுலயே இருக்கு: ஒரு நாளைக்கு எத்தன பொட்டி மீன், எத்தன ஐஸ் பார். பொட்டிய குடுத்தா கம்ப்யூட்டர் ஐஸ சொல்லணும், அவ்ளோதான். முதலாளிகிட்ட கேட்டுட்டு எடுங்க. பத்து மாச கணக்கு இருந்தா எட்டு மாசத்த கத்துக்க குடுத்து ரெண்டு மாசத்த மறைச்சு வைங்க, மறைச்சதுல சரியா சொல்லுதான்னு பாக்குறதுதான் முக்கியம்.

நெல்லிக்குப்பம் 607:
அக்கா சொன்னதுதான். அது முடிஞ்சதும் என்பிடெல்ல (ஐஐடிகாரங்க ஆன்லைன்ல பாடம் நடத்துற சைட்) ஐஐடி மெட்ராஸ் ரவீந்திரன் சார் மெஷின் லேர்னிங் கோர்ஸ் இருக்கு, சேர காசு இல்ல, சர்டிஃபிகேட் பரீட்சைக்கு மட்டும்தான் ஃபீஸ். ஆனா மொதல்லயே அதுல எறங்காதீங்க ப்ரோ, மேத்ஸ் ஜாஸ்தி, நான் ரெண்டாவது வாரமே விட்டுட்டு அடுத்த வருஷம்தான் முடிச்சேன். நடுவுல எம்னிஸ்ட்னு ஒரு பயிற்சி டேட்டா இருக்கு, போட்டுப் பாருங்க, கையால எழுதுன நம்பர் படம், ஒவ்வொண்ணும் 28க்கு 28 புள்ளி, கத்துக்க 60,000 பரீட்சைக்கு 10,000. படம்ங்கறது கம்ப்யூட்டருக்கு வெறும் 784 எண்ணுதான்னு அதுல எனக்கு புரிஞ்சப்போ அன்னிக்கு தூக்கமே வரல.

மஞ்சகுப்பத்தான்:
அக்கா, ஏழு வாரம் ஆச்சு, போட்டுட்டேன்! ஜனவரி, பிப்ரவரி எல்லாம் ரெண்டு மூணு பார்தான் வித்தியாசம். மறைச்சு வச்ச மே மாசத்துல மட்டும் ஐஸ் தாறுமாறா ஜாஸ்தி சொல்லுது, கோட எத்தன தடவ பாத்தாலும் தப்பு தெரியல.

பாண்டி அக்கா:
கோட்ல தேடாதீங்க தம்பி. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, ஃபைபர் போட் மீன் காலைல வந்து காலைலயே வித்துரும், அதுக்கு எதுக்கு அவ்ளோ ஐஸ்? நீங்க குடுத்த எட்டு மாசத்துல தடைக்காலமே இல்லல்ல. தடைக்காலமா இல்லையான்னு 1, 0 போட்டு கணக்குல இன்னொரு காலம் (column) சேருங்க, போன வருஷ மே கணக்கையும் கத்துக்க குடுங்க, திரும்ப ஓட்டிட்டு என்ன வந்துச்சுன்னு இங்கயே போடுங்க.