நாற்காலியை எடுத்ததால்தான் வகுப்பறை மாறியதா?

ஈராசிரியர்பள்ளி:
நேற்று "புதுவெளிச்சம்" இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்துத் தம் வேகத்தில் தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் முறையைப் பற்றி அவர் எழுதியது இது: "2007-இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது ஆசிரியர்களின் நாற்காலியை எடுத்தார்கள். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி மாறியது அன்றுதான். அதற்கு முன்பு உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவர்கள் இவர்கள்."

26 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர். பாதி நாள் கூட்டமும் பதிவேடும் அவரைக் கொண்டுபோய்விடும். மீதி நேரம் நான் ஒருத்திதான். ஒன்றாம் வகுப்புக்கு அகரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த ஓட வேண்டும். இதில் எங்கே உட்காருவது? எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதற்கும் ஒரு கால் ஆடும். விருந்தினர் வந்தால் போடுவதற்காகச் சுவரில் சாய்த்து வைத்திருப்போம். வகுப்பறையை மாற்றியவை அந்தப் பாட அட்டைகள். நாற்காலி என்று இன்னொரு முறை எழுதாதீர்கள்.

புதுவெளிச்சம்:
அம்மா, உங்களைத் தனிப்பட்ட முறையில் சொல்லவில்லை. நான் 1994-இல் மூன்றாம் வகுப்பு படித்தேன். மேசைமேல் பிரம்பு, அதற்குப் பின்னால் நாற்காலி, அதில் சார். சந்தேகம் கேட்க வேண்டுமானால் நாம்தான் எழுந்து போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 2008-இல் என் அக்கா மகனைச் சேர்க்க அதே பள்ளிக்குப் போனேன். டீச்சர் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒரு குழந்தை அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று பத்து நிமிடம் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. நாற்காலி இருந்திருந்தால் அந்தக் கை தோள்வரை எட்டியிருக்காது. இதைத்தான் எழுதினேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

வளமையத்துக்காரர்:
முதலில் ஆண்டைத் திருத்துங்கள். செயல்வழிக் கற்றல் 2007-இல் பிறக்கவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியில் 13 பள்ளிகளில் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிக்குப் போய், அங்கே கிராமப்புற ஓராசிரியர் பள்ளிகள் நடந்த முறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து தாங்களே அட்டைகளை எழுதினார்கள். மாநிலம் முழுவதற்கும் வந்ததுதான் 2007. பிள்ளைகள் எழுதச் சுவரின் அடியில் கீழ்மட்டக் கரும்பலகை, எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படி, தேவைப்படும் உதவிக்கேற்ப ஆறு வகைக் குழு, பிள்ளைகள் தாங்களே வருகையைக் குறித்துக்கொள்வது, செய்த வேலைகளைத் தலைக்குமேல் கம்பியில் தொங்கவிடுவது என்று எத்தனையோ இருக்க, நாற்காலி ஒன்றுதான் கண்ணில் பட்டதா? வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநராக எத்தனையோ பள்ளிகளுக்குப் போனவன் சொல்கிறேன், அடிப்படையைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

புதுவெளிச்சம்:
ஆண்டைத் திருத்தியதற்கு நன்றி. நாற்காலியை எடுத்தார்களா இல்லையா? அதற்குப் பதில் வரவில்லை.

வளமையத்துக்காரர்:
பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும் என்று பயிற்சியில் சொன்னோம். நாற்காலியை யாரும் பிடுங்கவில்லை.

ஈராசிரியர்பள்ளி:
"சொன்னோம்" என்கிறீர்கள். எப்படிச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் எங்கள் குறுவள மையத்தில் ஐம்பத்தாறு வயது ஆசிரியை ஒருவர் எழுந்து, "எனக்கு மூட்டுத் தேய்மானம், பாயில் உட்கார்ந்தால் எழ முடியாது, முக்காலி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். "மனம் இருந்தால் முட்டி மடங்கும்" என்று பதில் வந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மா அடுத்த ஆண்டே விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டுப் போனார். தமிழ் எழுத்துகளை அவரைப் போலச் சொல்லிக்கொடுக்க எங்கள் ஒன்றியத்தில் ஆள் கிடையாது. ந, ன, ண மூன்றையும் பிள்ளைகளின் நாக்கைத் தொடாமல் தொட்டுக் காட்டுவார்.

இன்னொன்றும் கேளுங்கள். ஆய்வுக்கு ஒருவர் வந்தார். நாங்கள் பாயில். அவருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவரப் பிள்ளையை அனுப்பினோம். அவர் அதில் உட்கார்ந்துகொண்டு, ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சமமாக அமர வேண்டியதன் அவசியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

வளமையத்துக்காரர்:
நான் எந்தப் பள்ளியிலும் நாற்காலி கேட்டது கிடையாது. சைக்கிளில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்டவன். எவரோ ஒருவர் செய்ததை எங்கள் எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள்.

ஈராசிரியர்பள்ளி:
எவரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததை எங்கள் எல்லோர் தலையிலும் கட்டியபோது நீங்கள் எங்கே போனீர்கள்?

மூன்றுபிள்ளைத்தகப்பன்:
உங்கள் நாற்காலிச் சண்டை இருக்கட்டும். என் மூத்தவன் அந்த அட்டைப் படிப்பில்தான் சேர்ந்தான். இரண்டு ஆண்டுகள் கழித்தும் முழுதாக ஒரு பத்தி எழுதத் தெரியவில்லை. கேட்டால் "அவன் படியில் அவன் போகிறான்" என்றார்கள். மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினேன். அது இருக்கட்டும், இங்கே பேசும் ஆசிரியர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தீர்கள்?

ஈராசிரியர்பள்ளி:
என் மகள் என் பள்ளியில் என் வகுப்பிலேயே படித்தவள். இன்று பொதுப்பணித் துறையில் பொறியாளர். அடுத்த கேள்வி?

மூன்றுபிள்ளைத்தகப்பன்:
ஒருவர் பதில் சொன்னார். மற்றவர்கள்?

அட்டைக்காலத்துப்பிள்ளை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2008-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள் நான். நாற்காலி இருந்ததா என்று நினைவே இல்லை. ஜன்னலுக்குக் கீழே சுவரில் கறுப்புப் பட்டை ஓடும். அதில் எனக்கென்று ஒரு கட்டம், மேலே வெள்ளைச் சுண்ணாம்பில் என் பெயர். காலையில் வந்ததும் பாவாடை நுனியால் அதைத் துடைப்பேன். அம்மா தினமும் திட்டுவார். பள்ளிக்கூடத்தில் எனக்கே எனக்கு என்று இருந்த இடம் அதுதான்.

புதுவெளிச்சம்:
பார்த்தீர்களா? சுவர் பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியரும் இறங்கினார். நாற்காலியை எடுத்ததும் இதே கதைதான்.

ஈராசிரியர்பள்ளி:
அந்தப் பெண் நாற்காலி நினைவில் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அதிலும் நாற்காலியையா எடுத்துக்கொள்கிறீர்கள்?

மாற்றம் எப்படி வந்தது என்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு மழைநாள். ஓடு ஒழுகியதால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கச் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கடன் வாங்கிக் கழிக்கும் படியில் ஒரு பையன் மாதக்கணக்காக நின்றுகொண்டிருந்தான். 42-இல் 17 போனால் 35 என்றே எழுதுவான். பெரியதிலிருந்து சின்னதை எடுத்துவிடுவான், மேலே கீழே பார்க்க மாட்டான். நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்று அவனுக்கு ஒரு படி மேலே இருந்த பெண், பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகள் நான்கையும் தனிக்குச்சி இரண்டையும் அவன் முன்னால் வைத்தாள். "இந்த இரண்டிலிருந்து ஏழு குச்சி கொடு" என்றாள். "இல்லையே" என்றான். "அப்படியானால் ஒரு கட்டை அவிழ்" என்றாள். வளையத்தைக் கழற்றினான். எண்ணினான். சுவரில் 25 என்று எழுதிவிட்டுத் தானே அதை விரலால் தொட்டுப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

ஒன்று முதல் நான்கு வரை நான்கு வகுப்பும் கலந்து உட்கார்ந்ததால் அது நடந்தது. அவன் படி எது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்ததால் நடந்தது. ஒரு பிள்ளை தேறாமல் அடுத்த அட்டைக்குப் போகக் கூடாது என்ற ஒழுங்கு இருந்ததால் நடந்தது.

புதுவெளிச்சம்:
அருமையான நிகழ்ச்சி. ஆனால் நீங்கள் தரையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்தானே அதைப் பார்க்க முடிந்தது?

ஈராசிரியர்பள்ளி:
நான் நின்றுகொண்டிருந்தேன். ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தேன்.

வளமையத்துக்காரர்:
டீச்சர் சொல்வதில் ஒரு பிழை. மேல்படிப் பிள்ளை கீழ்ப்படிப் பிள்ளைக்கு உதவுவதற்கென்றே தனிக் குழு அந்த முறையில் உண்டு. ஏதோ மழையால் தற்செயலாக நடந்ததைப் போல எழுதக் கூடாது. நாங்கள் பயிற்சியில் கொடுத்தது அது.

ஈராசிரியர்பள்ளி:
நீங்கள் கொடுத்தீர்களா? 2003-இல் மாநகராட்சி ஆசிரியர்கள் போய்ப் பார்த்து, வந்து, தங்கள் கையால் அட்டை எழுதினார்கள் என்று மேலே நீங்களேதான் சொன்னீர்கள். செய்தவர்கள் ஆசிரியர்கள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது அது அச்சடித்த பெட்டி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடிபடாத சொல் ஒன்றுக்குப் பதிலாக வேறு சொல் எழுதி ஒட்டினேன். "அட்டையை மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டார்கள். அங்கே ஆசிரியர் எழுதினால் புதுமை, இங்கே ஆசிரியர் எழுதினால் குற்றமா? 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்ததில் எனக்கு மறுப்பே இல்லை. கொரோனா முடிந்து வந்த பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கைப்பேசியில் மதிப்பீட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆசிரியரை நம்பாமல் அனுப்பும் எதுவும் பெட்டியாகவேதான் வந்து சேரும்.

மூன்றுபிள்ளைத்தகப்பன்:
இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

வளமையத்துக்காரர்:
அட்டையில் கைவைத்தால் படி வரிசை கெடும். அதனால் கேட்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எழுதினால் மாநிலத் திட்டம் எதற்கு?

ஈராசிரியர்பள்ளி:
நான் மாற்றியது ஒரு சொல். படி வரிசையை மாற்றவில்லை.

புதுவெளிச்சம்:
விவாதம் எங்கேயோ போகிறது. நான் சொன்னது ஒன்றே ஒன்று. நாற்காலி போனது, பயம் போனது. இதை மறுத்து இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

ஈராசிரியர்பள்ளி:
முதல் பதிவிலேயே மறுத்தேன். எங்கள் பள்ளியில் போவதற்கு நாற்காலியே இல்லை. கால் ஆடும் அந்த ஒன்று இன்றும் சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நாளை காலை படம் எடுத்துப் போடுகிறேன். நீங்களே பாருங்கள்.

புதுவெளிச்சம்:
போடுங்கள். ஆனால் இன்று எடுக்கும் படத்தை வைத்து 2007-க்கு முன்பு அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?