ரிமோட்டை விட்டுக் குரலுக்கு மாறியவர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

என் அப்பாவுக்கு க்ளாக்கோமா. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது டிவியில் படம் ஓரளவு தெரிகிறது, கையிலுள்ள ரிமோட் தெரிவதில்லை. டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று என்று மூன்று ரிமோட்டுகள். மூன்றும் கறுப்பு, ஏறக்குறைய ஒரே நீளம். ஓகே பொத்தானின்மேல் நான் ஒட்டிக் கொடுத்த சின்ன ரப்பர் துண்டைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்து, அங்கிருந்து மேலே இரண்டு, இடப்பக்கம் ஒன்று என்று எண்ணி எண்ணி அழுத்துவார். தவறிப்போய் சோர்ஸ் பொத்தானில் விரல் பட்டுவிட்டால் 'நோ சிக்னல்' வந்துவிடும். நான் வேலை முடிந்து வரும்வரை அந்தத் திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்மார்ட் ஐஆர் ரிமோட்டும் குரல் உதவியாளர் உள்ள ஸ்பீக்கரும் வாங்கினேன்.

உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி அது. உள்ளே சுற்றிலும் அகச்சிவப்பு (ஐஆர்) எல்ஈடிகள், ஒரு வைஃபை சில்லு. நாம் ஸ்பீக்கரிடம் சொல்வது இணையம் வழியாகப் பெட்டிக்குப் போய், அது ரிமோட் அனுப்பும் அதே ஒளித்துடிப்பை அறைக்குள் வீசுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

முதல் நாள் வைஃபையிலேயே ஒரு மணி நேரம் போனது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். எங்கள் ரூட்டரில் 2.4, 5 இரண்டும் ஒரே பெயரில் இருந்தன. கைபேசி 5இல் ஒட்டிக்கொண்டதால் செயலி பெட்டியைத் தேடிக்கொண்டே இருந்தது. ரூட்டரில் 5ஐக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்ததும் ஒரு நிமிடத்தில் சேர்ந்துவிட்டது. கைபேசியில் இருப்பிட அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் அது இல்லாமல் செயலியால் பக்கத்து வைஃபைகளைப் பார்க்க முடியாது.

அப்புறம் கற்றுக்கொடுக்கும் வேலை. டிவியின் மாடல் செயலியின் பட்டியலிலேயே கிடைத்தது. சவுண்ட்பார் கிடைக்கவில்லை. அதன் ரிமோட்டைப் பெட்டிக்கு எதிரே ஐந்தாறு சென்டிமீட்டரில் பிடித்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பதிய வைத்தேன். பதிந்ததும் பெட்டியின் சின்ன விளக்கு அணையும். இங்கே நான் செய்த தவறு, நன்றாகப் பதியட்டும் என்று பொத்தானை அழுத்திப் பிடித்தது. சத்தத்தைக் கூட்டச் சொன்னால் ஒரே தாவலில் மூன்று படி ஏறியது. பொத்தானைப் பிடித்தே இருந்தால், ரிமோட் முதல் குறியீட்டுக்குப் பிறகு 'இன்னும் பிடித்திருக்கிறார்' என்ற குறுந்துடிப்பைத் தொடர்ந்து அனுப்பும். ரிமோட்டுகளில் பரவலாக உள்ள என்இசி என்ற குறியீட்டு முறையில் இது ஏறத்தாழ 110 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும். அந்த வாலையும் சேர்த்தே பெட்டி மனப்பாடம் செய்துவிட்டது. தொட்டு எடுக்கிற மாதிரி ஒரே தட்டு தட்டினால் சரியாகிவிடும்.

உண்மையான தலைவலி மூன்றாம் நாள் வந்தது. அப்பா டிவியை ஆன் செய்யச் சொன்னார். ஸ்பீக்கர் 'ஓகே' என்றது. ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்தது. பேரன் ஏற்கெனவே போட்டு, சத்தத்தை மியூட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அப்பாவுக்கு அது தெரியவில்லை. "நான் சொன்னதுக்கு நேர் எதிரா செய்யுதேப்பா" என்றார். அன்று மாலை முழுவதும் அவர் ஸ்பீக்கரிடம் எதுவும் கேட்கவில்லை. பழையபடி ரிமோட்டைத் தேடினார்.

இதை வாங்கப்போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: ஐஆர் ஒருவழிப் பாதை. பெட்டி சொல்லும், கேட்காது. டிவி ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. ரிமோட்டில் பவர் பொத்தான் ஒன்றுதான். ஓடினால் அணைக்கும், அணைந்திருந்தால் போடும். நாம் கண்ணால் பார்த்து அழுத்துவதால் இது நமக்குப் பிரச்சினையாகத் தெரிந்ததே இல்லை. ஸ்பீக்கர் 'ஓகே' என்றால் துடிப்பை அனுப்பிவிட்டேன் என்றுதான் பொருள்; வேலை நடந்தது என்று பொருளல்ல.

வழி இருக்கிறது. பல டிவிகள் போடுவதற்குத் தனிக் குறியீடு, அணைப்பதற்குத் தனிக் குறியீடு இரண்டையும் ஏற்கும். ரிமோட்டில் அதற்குப் பொத்தான் இருக்காது, அவ்வளவுதான். செயலியின் பட்டியலில் சில சமயம் கிடைக்கும். எங்கள் டிவிக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: அணைந்திருக்கும்போது எச்டிஎம்ஐ-1 பொத்தானை அழுத்தினால் டிவி விழித்துக்கொள்கிறது. ஏற்கெனவே எச்டிஎம்ஐ-1இல் ஓடிக்கொண்டிருந்தால் அதே பொத்தானுக்கு எதுவும் ஆவதில்லை. ஆக, 'போடு' என்பதற்கு பவர் துடிப்பையே எடுத்துவிட்டு எச்டிஎம்ஐ-1ஐ வைத்தேன். 'அணை' என்பதற்கு முதலில் எச்டிஎம்ஐ-1, பத்து நொடி இடைவெளி, பிறகு பவர். டிவி எந்த நிலையில் இருந்தாலும் முதல் துடிப்பு அதை எழுப்பிவிடும், இரண்டாவது அணைக்கும். எத்தனை முறை சொன்னாலும் முடிவு ஒன்றுதான். எல்லா டிவியும் இப்படி விழிக்காது. உங்கள் ரிமோட்டில் எண் பொத்தான்களையும் முயன்று பாருங்கள்.

இன்னொன்று, பெயர். டிவிக்கே வைஃபை இருந்ததால் அதுவும் ஸ்பீக்கரின் கணக்கில் 'டிவி' என்று சேர்ந்திருந்தது. ஐஆர் வழியாக நான் சேர்த்ததும் 'டிவி'. எதைச் சொல்கிறீர்கள் என்று ஸ்பீக்கர் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்டது. அதில் ஒன்றை நீக்கினேன். ஒரே சொல்லுக்குப் பல கட்டளைகளை வரிசையாகச் செய்யும் ரொட்டீன்களை அப்பாவுக்காக ஒற்றைச் சொல்லில் வைத்தேன்: 'நியூஸ்' என்றால் டிவி விழித்து, செட்டாப் பாக்ஸ் வந்து, செய்திச் சேனல் எண் போகும். எண்களுக்கு நடுவே அரை நொடி விட்டேன். இடைவெளி கூடினால் பாக்ஸ் முதல் எண்ணையே சேனலாக எடுத்துத் தாவிவிடுகிறது. குறைந்தால் ஒரு எண்ணை விழுங்கிவிடுகிறது.

உங்கள் வீட்டில் எப்படி என்று எழுதுங்கள்.

*

உங்கள் அப்பாவின் கதை மனதைத் தொட்டது. எங்கள் வீட்டிலும் எண் சேனல்தான் பாடாய்ப் படுத்தியது, ஆனால் காரணம் வேறு.

205 சரியாகப் போகும். 225 போகாது, 25க்குப் போய்விடும். இடைவெளியைக் கூட்டினேன், குறைத்தேன், பெட்டியைத் தள்ளி வைத்தேன், இரண்டு வாரம் ஓடிவிட்டது. கடைசியில் பார்த்தால் எங்கள் செட்டாப் பாக்ஸின் ரிமோட் ஆர்சி-5 என்ற வேறொரு குறியீட்டு முறையில் பேசுவது. அதில் ஒரு கட்டளைக்கு 14 பிட். அவற்றில் ஒரு பிட், பொத்தானை ஒவ்வொரு முறை புதிதாக அழுத்தும்போதும் மாறும்: 0, 1, 0, 1. விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துகிறோமா, அல்லது பிடித்துக்கொண்டே இருக்கிறோமா என்று பாக்ஸ் புரிந்துகொள்வது இந்த ஒரு பிட்டை வைத்துத்தான். நாம் கற்றுக்கொடுத்த பெட்டியோ ஒருமுறை பதிந்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறது, பிட் மாறுவதில்லை. இரண்டாவது '2' வரும்போது, முதல் '2'ஐயே இன்னும் பிடித்திருக்கிறார் என்று பாக்ஸ் நினைத்துக்கொள்கிறது. சத்தத்தைக் கூட்டும்போது இது வெளியே தெரியாது, பிடித்திருந்தாலும் சத்தம் ஏறத்தானே செய்யும். இரட்டை எண்ணில்தான் மாட்டிக்கொள்ளும்.

அதனால் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பதிந்தேன். 2ஐ அழுத்திப் பதிவு, உடனே மறுபடி 2ஐ அழுத்தி வேறு பெயரில் பதிவு. நடுவில் வேறு பொத்தானைத் தொடக் கூடாது, தொட்டால் பிட் வரிசை கலைந்துவிடும். 225க்கு முதல் '2', இரண்டாவது '2', அப்புறம் 5. அன்றிலிருந்து ஒருமுறைகூடத் தவறவில்லை.

வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அதில் பிராட்லிங்க் நிறுவனத்தின் ஐஆர் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கும்போது 'ஆல்டர்நேட்டிவ்' என்று ஒரு தேர்வு உண்டு. ஒரே பொத்தானை இருமுறை கேட்டு வாங்கிக்கொண்டு, மாற்றி மாற்றி அனுப்பும். பெட்டியோடு வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிவிடும் என்பதும் எனக்குப் பிடித்தது. ஒரு எச்சரிக்கை: பெட்டியின் சொந்தச் செயலியில் 'லாக் டிவைஸ்' போட்டிருந்தால் சேராது, அதை எடுத்துவிடுங்கள்.

*

எனக்கு இவ்வளவு நுட்பம் தெரியாது. என் பிரச்சினை இடம்.

பெட்டியை டிவிக்கு மேலேயே வைத்திருந்தேன். டிவிக்குப் பக்கத்தில் இருந்தால்தானே நல்லது என்று நினைத்தேன். ஆனால் டிவியின் ஐஆர் கண் அதன் முன்பக்கத்தில் கீழே இருக்கிறது, அதற்கு முன்னால் சவுண்ட்பார் நிற்கிறது. பத்தில் நான்கு தடவை வேலை செய்யாது. பெட்டியை எதிர்ச் சுவரின் அலமாரிக்கு மாற்றினேன். வெளிர் நிறச் சுவரில் ஒளி பட்டுத் திரும்பி அறை முழுவதும் பரவுகிறது போல, செட்டாப் பாக்ஸ், டிவி எல்லாம் ஒரே சொல்லுக்குக் கேட்கின்றன. சவுண்ட்பாரை மட்டும் இரண்டு விரற்கடை கீழே இறக்கினேன்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கைபேசியின் முன்பக்க கேமராவைத் திறந்து, அதற்கு நேரே ரிமோட்டைப் பிடித்து அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். பின்பக்க கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் பல கைபேசிகளில் தெரியாது. என் அம்மாவின் ரிமோட்டில் எல்லாப் பொத்தானுக்கும் மினுக்கியது, மியூட்டுக்கு மட்டும் இல்லை. டிவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். தேய்ந்துபோனது அந்த ஒரு பொத்தான்தான்.

மதியத்தில் ஜன்னல் வெயில் நேராக டிவியின் கண்ணில் விழும் நேரத்தில் மட்டும் இன்னமும் தடுமாறும். திரைச்சீலையை இழுத்துவிட்டால் சரியாகிறது. 1955இல் ஜெனித் கொண்டுவந்த ஃபிளாஷ்-மேட்டிக் என்ற ரிமோட், ஒளிக்கற்றையைத் திரையின் நான்கு மூலைகளில் உள்ள உணரிகளில் அடித்து வேலை செய்யுமாம். வெயில் பட்டாலே சேனல் தானாக மாறிவிடுமாம். இப்போதைய ரிமோட்டுகளின் ஒளி பெரும்பாலும் நொடிக்கு 38,000 தடவை துடிப்பதால் டிவி அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்கிறது. வெயிலால் சேனல் மாறாது, கண் கூசத்தான் செய்யும்.

*

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள், நான் பார்க்காமல் விட்டது. நான் கட்டுப்படுத்த நினைத்தவை ஒரு ஃபயர் டிவி ஸ்டிக்கும் ஒரு பிளேஸ்டேஷன் 5உம். இரண்டிலும் ஐஆர் ஏற்பியே கிடையாது, அவை பேசுவது ப்ளூடூத்திலும் வைஃபையிலும். கேமரா சோதனையை முதலிலேயே செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது: ஃபயர் டிவி ரிமோட்டில் டிவியின் சத்தத்துக்காக ஐஆரும் இருப்பதால் அந்தப் பொத்தான்கள் மட்டும் மினுக்கும். கடைசியில் டிவியின் அமைப்பில் எச்டிஎம்ஐ சிஇசியை, அதாவது எச்டிஎம்ஐ வழியாகவே கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் வசதியை, ஆன் செய்தேன். ஸ்டிக் விழித்தால் டிவியும் விழிக்கிறது, உள்ளீடும் தானாக மாறுகிறது. ஐஆர் பெட்டி இப்போது பழைய ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும்.

*

தொடங்கியவன் மறுபடியும் எழுதுகிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்பக்க கேமரா யோசனையை உடனே செய்து பார்த்தேன், அப்பாவின் சவுண்ட்பார் ரிமோட் மங்கலாகத்தான் மினுக்கியது. பேட்டரி.

போன வாரம் மின்சாரம் போய் வந்ததில் இன்னொன்று கற்றுக்கொண்டேன். பெட்டி உடனே எழுந்துவிட்டது, ரூட்டர் எழ இரண்டு நிமிடம் ஆனது. பெட்டி தேடிச் சலித்து இணைப்பில்லாமல் நின்றுவிட்டது. நான் வெளியூரில். அப்பா இரண்டு முறை 'நியூஸ்' சொல்லிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். பெட்டியின் வயரைப் பிடுங்கி, பத்து எண்ணிவிட்டு மறுபடி செருகச் சொன்னேன். தடவிப் பார்த்து அவரே செய்தார். இப்போது அந்த வயரில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறேன், விரலுக்குத் தட்டுப்பட. ஓகே பொத்தானில் ரப்பர் ஒட்டிய பழைய ரிமோட்டும் அவர் நாற்காலியின் கைப்பிடியில்தான் தொங்குகிறது. இணையம் போன நாளில் அதுதான் வழி, அதை எடுத்துவிட எனக்கு மனமும் இல்லை.

ஸ்பீக்கரை டிவிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து அவர் நாற்காலிக்கு அருகே வைத்ததும் நல்லதாயிற்று. டிவி சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது, இப்போது சாதாரணமாகப் பேசினாலே கேட்கிறது. நேற்று இரவு தூங்கப் போகும்போது கூடத்தில் அவர் குரல் கேட்டது. 'ஆஃப்' என்றார். பத்து நொடி கழித்து டிவி அணைந்தது. அந்தப் பத்து நொடியும் அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.