குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான 'அட்டாச்மெண்ட்': தமிழில் என்ன?

கோவை, உளவியல் ஆசிரியை:
அங்கன்வாடிப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'அட்டாச்மெண்ட்'டுக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. இந்தக் கருத்தை வகுத்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் பௌல்பி சொன்னது பொதுவான பாசத்தை அல்ல. பயந்தால், நோவு கண்டால் குழந்தை யாரைத் தேடி ஓடுகிறதோ, அந்த உறவை.

கோபி, தமிழாசிரியர்:
'பற்று' என்றே வைக்கலாமுங்க. கொடி பற்றும் கொம்புதான் பற்றுக்கோடு. ஆக, வளர்ப்பவருக்கும் சொல் கிடைத்துவிட்டது. ஆசிடை வெண்பாவில் இணைப்பாக வரும் ஆசு, பொற்கொல்லர் நகையைப் பொருத்த வைக்கும் பற்றாசுதானே? 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று வள்ளுவரே...

ஈரோடு:
ஐயா, அந்தக் குறள் இருப்பது துறவு அதிகாரத்தில். விடவேண்டியது என்ற பொருளில்தான் அந்தச் சொல் ஊறிக் கிடக்கிறது. மஞ்சள் மண்டியிலோ பற்று என்றால் கணக்கு. 'பிணைப்பு' என்றால் வேதியியல் முந்திக்கொண்டது.

தாராபுரம், பயிற்சியாளர்:
அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார், பிள்ளை அம்முச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம். 'புள்ளைக்கு அம்முச்சிகிட்டத்தானுங்க ஒட்டுதல்' என்பது எங்கள் பேச்சு. 'ஒட்டுதல்' என்று போட்டால் விளக்கமே வேண்டாம்.

கோவை:
விளக்கம் வேண்டாம் என்பதுதான் எனக்குப் பயம். உளவியலாளர் ஐன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வை நினைத்துப் பாருங்கள். தாய் அறையை விட்டுப் போவார், அறிமுகமில்லாதவர் இருப்பார், தாய் திரும்புவார். மொத்தம் 8 கட்டங்கள், பெரும்பாலும் மும்மூன்று நிமிடம். பிள்ளை அழுததா என்பதைவிட, தாய் வந்ததும் என்ன செய்கிறது என்றே கவனித்தார்கள். சில பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையைப் பார்க்கும். அப்போதும் இதயத் துடிப்பு கூடியிருப்பதை, அதாவது உள்ளே தவிப்பதை, 1977இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் பணியாளர் அந்தப் பிள்ளைக்கு 'ஒட்டுதலே இல்லை' என்று எழுதுவார். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளைக்கு 'நல்ல ஒட்டுதல்' என்பார். கூடுதல், குறைவு என்று அளக்கிற சொல் இதற்கு ஆகாது.

ஈரோடு:
அப்படியானால் 'ஒட்டுறவு'? 'ஒட்டுமில்லை உறவுமில்லை' என்று சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். உறவு உண்டு, அது எப்படிப்பட்டது என்பதே கேள்வியாகும். பாதுகாப்பான ஒட்டுறவு, தவிர்க்கும் ஒட்டுறவு என்று அடைமொழியும் உட்காருகிறது.

தாராபுரம்:
சரிங்க. கையேட்டில் அது இருக்கட்டும். அம்முச்சிகளிடம் நான் ஒட்டுதல் என்றுதான் பேசுவேன்.

கோபி:
வெள்ளிக்கிழமைக்காக விட்டுக்கொடுக்கிறேன். 'பற்றுக்கோடு' என்பதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். 'பராமரிப்பாளர்' தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் பொருந்தும். பிள்ளை ஓடிவந்து பிடித்துக்கொள்கிற ஆள் அதில் இல்லை. ஒட்டு என்பது மாங்கன்றுக்கு நாம் வைத்துக் கட்டுவது. பிள்ளை தானாகப் பற்றுகிறது. இதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.