புதிதாக வெளிநாடு போனவர்களுக்கு: உதவி கேட்டு எழுதும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும்

ஒன்பது வருடம் ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட்டில் குப்பை கொட்டிவிட்டு ஆதம்பாக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மாடி வீட்டு அக்காவின் மருமகன், அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவரின் பெண், கூடப் படித்தவனின் தம்பி என்று எங்கேயாவது போய் இறங்கிய யாராவது ஒருவர் போனில் ஏதாவது கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் அந்த ஊரில் இருக்கும் ஆட்களிடம் தள்ளிவிடுகிறேன். பதில் தெரியாமல் நான் முழிப்பது குறைவு. கேள்வி முழுசாக வந்து சேராமல் முழிப்பதுதான் அதிகம்.

போன மாதம் வந்த ஒன்றை அப்படியே தருகிறேன். "அண்ணா வணக்கம், சாப்டீங்களா? டிகிரி சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன் எப்படிப் பண்றது? கொஞ்சம் அர்ஜென்ட்." அவ்வளவுதான். எந்த நாட்டுக்கு, யார் கேட்டார்கள், எதற்கு, ஒன்றும் இல்லை. அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானதுதான் என்று அதிகாரிகளிடம் முத்திரை வாங்குவது, நாட்டுக்கு நாடு மாறும். துபாய் என்றால் ஒரு கதை: அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை இருந்தால் ஆவணத்தை ஏற்றுக்கொள்வதற்கு நாடுகளுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு, அமீரகம் அதில் இல்லை, அதனால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அதற்கப்புறம் அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். கனடா பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி என்றால் கேட்கிறவருக்குப் பெரும்பாலும் அட்டெஸ்டேஷனே தேவைப்படாது, படிப்பு மதிப்பீடுதான் தேவை. அதற்குப் பல்கலைக்கழகமே மதிப்பெண் விவரத்தை நேராக அனுப்பும்படி ஏற்பாடு செய்ய வேண்டும், அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றால் வீட்டில் யாராவது கிண்டிக்கு நடக்க வேண்டியிருக்கும். ஜெர்மனி இன்னும் வேடிக்கை. இந்தியா 2005-ல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் சொல்லிவிட்டது, ஆகவே இங்கே காசு கொடுத்து வாங்கும் அப்போஸ்டில் அங்கே செல்லாது. ஒரே கேள்விதான், மூன்று பதிலும் மூன்று திசை. நான் ஏதோ ஒன்றை ஊகித்துச் சொல்லி, அவன் அதை நம்பி ஏஜென்ட்டிடம் பணம் கட்டியிருந்தால்?

இதே பையன் வேளச்சேரி ஸ்டேஷன் வாசலில் நின்று ஷேர் ஆட்டோக்காரரிடம் "அண்ணே, மேடவாக்கம் போகுமா" என்று கேட்டால் பிரச்சினையே இல்லை. அவர் "கூட்ரோடா, உள்ளயா" என்பார், இவன் சொல்வான், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எழுதிக் கேட்கும்போது அந்த எதிர்க்கேள்விதான் ஆளைக் கொல்கிறது. டொரன்டோவுக்கும் சென்னைக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நீங்கள் படுக்கப் போகும் முன் கேட்பீர்கள், நான் காலைக் காபியோடு "எந்த விசா?" என்று திருப்பிக் கேட்பேன், நீங்கள் எழுந்து "ஒர்க் பெர்மிட்" என்று சொல்லும்போது நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பேன், இப்படியே மூன்று நாள் ஓடிவிடும். அதனால் எதிரே இருப்பவர் என்ன திருப்பிக் கேட்பார் என்று யோசித்து, அதற்கான பதிலையும் கேள்வியோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். நாடு, மாகாணம், விசா வகை, போய் இறங்கிய தேதி, எந்த ஆபீஸ் இதைக் கேட்கிறது. இவ்வளவும் இரண்டு வரிதான். தேதி எதற்கு என்று நினைக்காதீர்கள். "நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா" என்பதற்கு பிரிட்டனில் குடியேறினால் 12 மாதம், ஜெர்மனியில் 6 மாதம், ஒன்டாரியோவில் 60 நாள். எப்போது போனீர்கள் என்று தெரியாமல் செல்லும், செல்லாது என்று எப்படிச் சொல்வது?

நானும் இப்படிக் கேட்டு அவதிப்பட்டவன்தான். மாடம்பாக்கத்தில் இருந்த ஒரு மனையை விற்க அப்பாவுக்குப் பவர் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த தமிழ் நண்பர்களிடம் "ஊருக்குப் பவர் எழுதி அனுப்பணும், எப்படி?" என்று ஒரு வரி போட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் வெள்ளைத் தாளில் எழுதினால் போதும் என்றார், அவர் கொடுத்தது கேஸ் கனெக்‌ஷன் மாற்ற. நான் மியூனிக்கில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, கூரியரில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ரொம்ப நாள் கழித்து ஒரு அக்கா மட்டும் கேட்டார்: "எதுக்குப்பா பவர்? விக்கவா? பேப்பர் இந்தியாவுக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?" வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தப் பேப்பர் இரண்டரை மாதமாக எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா அந்த வெயிலில் அலைந்த அலைச்சலை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். "மனை விற்கப் பவர்" என்று நான் முதல் நாளே எழுதியிருந்தால் அந்த அக்கா முதல் நாளே பேசியிருப்பார்.

அப்புறம் நமக்கே உரிய ஒரு பழக்கம். முக்கியமான விஷயத்தை வெட்கப்பட்டு மறைத்துவிட்டு, "என் ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்" என்று ஆரம்பிப்பது. வேலை போனது, விசா ஒருமுறை நிராகரிக்கப்பட்டது, அரியர் இருப்பது, இதெல்லாம்தான் பதிலையே மாற்றும். அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை முடிந்ததிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், அங்கே தங்க அனுமதித்த காலம் அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். "கம்பெனி மாறலாம்னு இருக்கேன், சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று கேட்டால் நானும் சாவகாசமாக ஞாயிற்றுக்கிழமை பதில் போடுவேன். பெயரை வேண்டுமானால் மறையுங்கள், நடந்ததை மறைக்காதீர்கள்.

கடிதம் வந்தால் உங்கள் வார்த்தையில் கதை சொல்ல வேண்டாம், கடிதத்தையே படம் எடுத்து அனுப்புங்கள். பெயர், முகவரி, பாஸ்போர்ட் நம்பர், கணக்கு எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை அப்படியே குரூப்பில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரு தம்பி "கவர்மென்ட்ல இருந்து பணம் கேட்டு லெட்டர், ஃபைன் போட்டுட்டாங்க போல" என்று ராத்திரி பதினொரு மணிக்கு எழுதினான். படத்தைப் பார்த்தால் ஜெர்மனியின் ஒலிபரப்புக் கட்டணம், அப்போது வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வீட்டுக்கும் உண்டு. கூட இருக்கும் பையன் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தான், அவனுடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டதோடு சரி.

இனிஷியல் விவகாரமா? பாஸ்போர்ட்டில் சர்நேம் வரியில் என்ன இருக்கிறது, கிவன் நேம் வரியில் என்ன இருக்கிறது, அந்த ஊர் ஃபாரத்தில் எப்படி விழுந்திருக்கிறது, மூன்றையும் எழுத்து மாறாமல் எழுதுங்கள். "அப்பா பேர் முன்னாடி வந்திருச்சு" என்றால் யாருக்கும் புரியாது.

சரி, அந்த அட்டெஸ்டேஷன் பையன். இதையெல்லாம் சொன்னேன், மறுநாள் இப்படி எழுதினான்: "அண்ணா, ஜெர்மனி, ப்ளூ கார்டு. பி.இ. மெக்கானிக்கல், 2019. வேலை ஆஃபர் கையில் இருக்கு. டிகிரி அங்கே செல்லும்னு ஆதாரம் வேணும்னு லிஸ்ட்ல போட்டிருக்கு, அதைத்தான் அட்டெஸ்டேஷன்னு நினைச்சேன். ஒரு ஏஜென்ட் அப்போஸ்டில் போடணும்னு சொல்றார். அடுத்த மாசம் அப்பாயின்ட்மென்ட்." ப்ளூ கார்டு என்பது பட்டம் படித்தவர்களுக்கான வேலை அனுமதி. இதற்குப் பதில் சொல்ல யோசிக்கவே வேண்டாம். அனாபின் என்று வெளிநாட்டுப் படிப்புகளுக்கான ஜெர்மனியின் பட்டியல் ஒன்று இணையத்தில் இருக்கிறது, அதில் உன் பல்கலைக்கழகம் எச்-பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டு, என்று இருக்கிறதா, உன் டிகிரியும் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் பிரின்ட் எடுத்து வை, இரண்டில் ஒன்று பட்டியலில் அப்படி இல்லாவிட்டால் மட்டும் தனியாக மதிப்பீட்டுக்கு விண்ணப்பி, ஏஜென்ட்டுக்கு ஒரு கும்பிடு போடு என்றேன்.

வேலை முடிந்ததும் என்ன ஆச்சு என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தேன், அடுத்து இதையே கேட்டு வருகிறவருக்குச் சொல்லலாமே என்று. இன்னும் எழுதவில்லை.