பழைய செங்கல் கட்டடத்தில் ஒளியிழை உணரி பொருத்தலாமா?

ரங்கூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். யாங்கூன் நகர நடுவில் உள்ள எங்கள் சங்க மண்டபம் வெள்ளைக்காரர் காலத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் கட்டடம். மாடியைத் தாங்குபவை சுவரில் பதித்த இரும்பு உத்திரங்கள். 2025 மார்ச் 28 அன்று சகாயிங் பகுதியை உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஓர் உத்திரம் சுவரில் அமரும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறது. அது முன்பே இருந்ததா என்று சொல்ல எவராலும் இயலவில்லை. ஒளியிழை உணரிகளைப் பொருத்தினால் கேடு பெரிதாகும் முன்பே அறியலாம் என்கிறார்கள். செங்கல் சுவருக்கு அது ஒத்துவருமா?

மோல்மேன் பொறியாளர்:
ஒத்துவரும் ஐயா. 0.125 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழைக்குள் நுண்ணிய கீற்றுகளைப் பதித்திருப்பார்கள். அவை ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். சுவர் நீண்டால் கீற்றுகளின் இடைவெளியும் நீண்டு, திரும்பி வரும் அலைநீளம் மாறும். 1550 நானோமீட்டர் ஒளியில், நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடினால் ஏறத்தாழ 1.2 பிகோமீட்டர் மாற்றம் கிடைக்கும். ஆனால் வெப்பம் 1 டிகிரி கூடினாலே சுமார் 10 பிகோமீட்டர் மாறிவிடும் என்பதால், சித்திரை வெயிலில் காயும் மேற்குச் சுவர் எந்தக் கேடும் இல்லாமலேயே நம்மைப் பதறவைக்கும். எனவே சுவரோடு ஒட்டாமல் சிறு குழாய்க்குள் தளர்வாக இட்ட மற்றோர் உணரியை அருகில் வைத்து, வெப்பத்தின் பங்கைக் கழித்துவிட வேண்டும்.

விரிசலின் குறுக்கே இழையை நேரடியாக ஒட்டாதீர்கள். முழு நீட்சியும் ஒரே புள்ளியில் விழுந்து கண்ணாடி அறுந்துபோகும். காரையை நீக்கி, இருபுறமும் செங்கல்லில் தாங்கிகளைப் பதித்து, அவற்றுக்கிடையே இழையைப் பிடிப்பதே முறை.

விரிசலைவிட உத்திர முனைதான் எனக்குக் கவலை தருகிறது. மழைநீர் கசிந்தால் உண்டாகும் துரு, அரிக்கப்பட்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு செங்கல்லை உள்ளிருந்தே நெம்பும். அங்கே துருக்கறை இருக்கிறதா, தட்டினால் பொள்ளலாக ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

தட்டோன்வாசி:
செலவைப் பற்றி ஒரு சொல். விலை அதிகம் உள்ளது இழையன்று, ஒளியைப் படிக்கும் கருவிதான். கருவியைக் கழற்றி மீண்டும் இணைத்தாலும் பழைய அளவோடு ஒப்பிட முடியும். ஆகவே உணரிகளைச் சுவரிலேயே விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை விடியற்காலையில் இரவல் கருவியால் அளந்தால் போதும். மின்வெட்டும் அப்போது பெரிய தடையாகாது.

ரங்கூன்வாசி:
நன்றி ஐயா. தட்டிப் பார்த்தோம், உத்திரத்தின் அடியில் பொள்ளலாகத்தான் ஒலிக்கிறது, பழுப்புக் கறையும் இருக்கிறது. ஓரிரு மாத அளவீட்டில் தெளிவு கிடைத்துவிடுமா?

மோல்மேன் பொறியாளர்:
கிடைக்காது. மழைக்காலத்தில் ஈரம் ஏறும் சுவர் கோடையில் காய்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாமல் மிஞ்சும் அளவே கேட்டின் அடையாளம் என்பதால், ஓராண்டேனும் அளக்க வேண்டும். உங்கள் உத்திரத்துக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். இப்போதே கீழே முட்டுக்கொடுத்து, மாடியில் கூட்டம் கூடுவதை நிறுத்திவிட்டு, முனையைத் திறந்து பாருங்கள். உணரிகளை மற்றச் சுவர்களில் பொருத்திக்கொள்ளலாம்.