சுவர உடைச்சு உள்ள போயாச்சு, அப்பவும் தோல்வினு வருது, ஹெல்ப் ப்ளீஸ்

இரவுக்கோழி
அவசரம். கேம்ல ஃப்ளாரன்ஸ் ஊர அடிச்சிட்டு இருக்கேன். பீரங்கி வச்சு சுவர உடைச்சாச்சு, ஆளுங்க உள்ள போயாச்சு, எதிரி பாதிக்கு மேல காலி, பிளாசாவுக்கு, அதான் ஊர் நடு சதுக்கத்துக்கு, ரெண்டு தெரு தள்ளி நிக்கிறேன், டக்குனு தோல்வினு போட்டு சண்டை முடிஞ்சுடுது. சேவ் லோட் பண்ணி ஆடினாலும் அதேதான். என் படை முக்கால்வாசி உயிரோட நிக்குது, எப்படிங்க தோல்வி? இத முடிக்காம தூக்கம் வராது, யாராச்சும் சொல்லுங்க

பாதரசம்
எந்த கேம் ப்ரோ? அத சொல்லவே இல்ல. மாட், அதான் கேம மாத்துற ஃபைல், ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?

சின்னத்தேர்
எந்த நாட்ட எடுத்து ஆடுறீங்க, ஃப்ளாரன்ஸ் யார் கையில இருக்கு, சுவர் எந்த லெவல், இதெல்லாம் சொன்னாதான் எதாவது சொல்ல முடியும். உங்க ஜெனரல் செத்துட்டாரா?

இரவுக்கோழி
மெடீவல் 2 டோட்டல் வார்தான், வேற எது. மாட் இல்ல. மிலன். ஊர் வெனிஸ்காரன் கிட்ட இருக்கு. கல் சுவர், பெருசு. ஜெனரல் நல்லாதான் இருக்கார்

வெடிமருந்து
பீரங்கி என்ன வச்சிருக்கீங்க? பாம்பார்டா இருந்தா அதுதான் பிரச்சனை, கண்ண மூடிட்டு சொல்வேன். குறி நிக்காது, சுவர் மேல அடின்னா பாதி குண்டு வயக்காட்டுல விழும். அத விட நல்லா குறி நிக்கிற செர்ப்பன்டைன் பீரங்கி கிடைக்கிற வரைக்கும் பொறுங்க, இல்லனா எல்லா பீரங்கியையும் ஒரே இடத்துல குறி வைங்க, சுவர விட்டுட்டு வாசக்கதவ அடிங்க, சீக்கிரம் உடையும். ஃபயர் அட் வில்ல (தானா சுடுறத) ஆஃப் பண்ணுங்க, இல்லனா அதுபாட்டுக்கு சுவர் மேல நிக்கிற ஆளுங்கள சுட்டு குண்ட தீத்துடும்.

சின்னத்தேர்
அவருக்கு சுவர் உடைஞ்சிருச்சு, உள்ளயே போயிட்டார். பிரச்சனை அதுக்கு அப்புறம்தான்.

போர்க்களம்_பழசு
தம்பி, இந்த கேம் வந்தது 2006ல. இதே கேள்விக்கு பல தடவ பதில் சொல்லியாச்சு, தேடிப் பாக்குற பழக்கம் யாருக்கும் இல்ல. ட்யூட்டோரியல் ஆடிட்டு காம்பெய்ன் தொடங்கிருந்தா இந்த இழைக்கே வேலை இல்ல. முற்றுகைனா என்னனு முதல்ல புரிஞ்சுக்கணும். சுவர உடைக்கிறது முற்றுகை இல்ல. சுத்தி வளைச்சு உக்காருங்க, எத்தன டர்ன் (ஆட்டச் சுற்று) தாக்குப் பிடிப்பான்னு அங்கயே காட்டும், ஒவ்வொரு டர்னுக்கும் உள்ள இருக்கவன் குறைஞ்சுகிட்டே வருவான், கடைசியில வெளிய வந்து சண்ட போடுவான் இல்ல ஊர் தானா விழும்.

பாதரசம்
அண்ணே, தெரிஞ்சா பதில சொல்லுங்க, திட்டுறது எதுக்கு. வெனிஸும் கத்தோலிக்கம், மிலனும் கத்தோலிக்கம், அத்தன டர்ன் உக்காந்தா போப் கிட்டருந்து ஓலை வந்துடும் சண்டைய நிறுத்துன்னு. மீறினா திருச்சபைலருந்து தூக்கிடுவார்.

மண்கோட்டை
நிஜத்துல போப்தான் ஃப்ளாரன்ஸ முற்றுகை போட வச்சதே! 1529 அக்டோபர்ல ஆரம்பிச்சது, போப் ஏழாம் கிளமென்ட் மெடிசி குடும்பம், தன் குடும்பத்த விரட்டின ஊர திரும்பப் பிடிக்க பேரரசர் ஐந்தாம் சார்லஸ் படைய கூட்டிட்டு வந்தார். 1530 ஆகஸ்ட் 12ல ஊர் சரணடைஞ்சது. பீரங்கியால விழல, பசி, கொள்ளைநோய், படைத்தலைவன் மலாடெஸ்டா பாலியோனி பண்ணின துரோகம், இதாலதான் விழுந்தது. அந்த வகையில பழசு அண்ணன் சொல்ற மாதிரி உக்காந்து ஜெயிச்ச முற்றுகைதான் அது.

வெடிமருந்து
பீரங்கியால விழலன்னா காரணம் மைக்கேலாஞ்சலோ. கோட்ட வேலைக்கு அவர்தான் பொறுப்பு. சான் மினியாட்டோ குன்றச் சுத்தி மண் கொத்தளம் போட்டார், அங்க இருந்த மணிக்கூண்ட பீரங்கி அடிச்சுத் தள்ளாம இருக்க கம்பளி மூட்டைய கயித்துல கட்டித் தொங்க விட்டார். குண்டு மெத்துனு மூட்டையில அடிக்கும், கல்லு தப்பிச்சது. கேம் 1530 வரைக்கும் போகுது, ஆனா ஒரு மண் கொத்தளம் கூட கிடையாது, பெரிய ஊர்லயெல்லாம் உயரமான கல் சுவர்தான். 1494ல பிரெஞ்சு ராஜா எட்டாம் சார்லஸ் பீரங்கியோட இத்தாலிக்குள்ள வந்ததுக்கு அப்புறம் அந்த மாதிரி சுவர நம்பி எவனும் உக்காரல. இது பெரிய ஓட்டை, எனக்கு இன்னமும் வருத்தம்.

போர்க்களம்_பழசு
கேம் 1080ல தொடங்குது. நாலரை நூறு வருசத்துல கடைசி முப்பது வருசத்துக்காக கோட்டைய மாத்தி வரையணுமா? அதுவும் இல்லாம 1500ல பீசாவ பிரெஞ்சுக்காரன் அடிச்சப்ப பழைய சுவர் உடையத்தான் செஞ்சது, ஊர்க்காரங்க உடைஞ்ச சுவருக்குப் பின்னாடி பள்ளம் வெட்டி மண்மேடு போட்டு தடுத்துட்டாங்க. சுவர் உயரமா குள்ளமாங்கறது இல்ல, உடைஞ்ச இடத்துக்குப் பின்னாடி என்ன இருக்குங்கறதுதான்.

வெடிமருந்து
அதத்தான நானும் சொல்றேன்! அந்த மண்மேட்ட போட கேம்ல எங்க வழி இருக்கு? 1509ல படுவாவ மாக்சிமிலியன் அவ்ளோ பீரங்கி வச்சு அடிச்சும் பிடிக்க முடியாம திரும்பினாரே, அந்த மாதிரி ஒரு சண்டை கேம்ல வரவே வராது. சுவர்ல ஓட்ட விழுந்தா ஊர் போச்சுங்கற மாதிரியே இருக்கு.

மண்கோட்டை
ரெண்டு பேரும் தனி இழை போடுங்க, நானும் வரேன். கேள்வி கேட்டவர் இன்னும் முழிச்சிட்டு உக்காந்திருக்கார்.

கல்வெட்டு
முழுசா படிச்சேன். தோல்வினு வரும்போது ஸ்க்ரீன்ல நேரம் ஓடிட்டு இருக்கான்னு யாருமே கேக்கல. காம்பெய்ன் தொடங்கும்போது சண்டைக்கு நேர வரம்பு வேணாம்னு டிக் பண்ற இடம் இருக்கும், பண்ணலனா முற்றுகையில நேரம் முடிஞ்சா அடிக்கப் போனவன்தான் தோத்தவன், எத்தன ஆள் நின்னாலும் சரி. பாம்பார்ட் வச்சு சுவர பொறுமையா உடைச்சதுல நேரம் பூரா போயிருக்கும், அதான் பிளாசாவுக்குப் பக்கத்துல வரும்போது முடியுது.

இப்ப இருக்கற சேவ்லயே ஜெயிக்கணும்னா முன்னாடியே ஊருக்குள்ள ஒற்றன அனுப்புங்க, கதவ திறந்து விட வாய்ப்பு இருக்கு, திறந்துட்டா பீரங்கிக்கே வேலை இல்ல. அப்பவும் வாசல் வழியா கூட்டமா போகாதீங்க, மேல இருந்து கொதிக்கிற எண்ணெய ஊத்துவான். முதல்ல ஏணியில ஒரு காலாட்படைய ஏத்தி வாசல் கோபுரத்த பிடிங்க, எண்ணெய் நிக்கும், பக்கத்து கோபுரமும் உங்களுக்காக சுட ஆரம்பிக்கும். குதிரைப்படைய நேரா பிளாசாவுக்கு விடுங்க. தெருத்தெருவா துரத்திக் கொல்ல வேணாம், பிளாசாவ பிடிச்சு நின்னாலே ஊர் உங்களுது.

சின்னத்தேர்
இதுதான் பாயிண்ட். ப்ரோ, நேரம் ஓடுதா பாருங்க

பாதரசம்
ஹலோ இரவுக்கோழி இருக்கீங்களா

போர்க்களம்_பழசு
ட்யூட்டோரியல்ல இருக்குனு அப்பவே சொன்னேன்.

வெடிமருந்து
நேரம்தான் காரணம்னாலும் பாம்பார்டாலதான் நேரம் போச்சு, அத மறந்துடாதீங்க.

இரவுக்கோழி
டைமர்தான். ஒற்றன் கதவ திறந்துட்டான், ஊர் விழுந்துச்சு. தேங்க்ஸ் கல்வெட்டு. இப்ப போப் கடுப்புல இருக்கார், அதுக்கு என்ன பண்றது?

மண்கோட்டை
போப்ப தேர்ந்தெடுக்கிற கார்டினல்கள்ல எத்தன பேர் உங்க ஆளு? போப்போட உறவு இப்ப எந்த அளவுல காட்டுது?