எத்தனை டிபிஐயில் ஸ்கேன் செய்தீர்கள்? பட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

மயிலாப்பூர்வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். மயிலாப்பூரில் ஒரு தனியார் சேகரிப்பு, பெயர் வேண்டாம். நூறு வருடத்துக்கு முந்தைய அச்சுப் புத்தகங்களும், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கடிதங்களும். பொறுப்பாளரான பெரியவர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, மெஷின்ல எது அதிகமோ அதையே வை." வைத்தேன், 1200 டிபிஐ, அதாவது ஓர் அங்குல நீளத்துக்கு 1200 பிக்சல் (படத்தின் நுண்கட்டம்). ஏ4 அளவுப் பக்கம் ஒன்று கலரில் 400 எம்பியைத் தாண்டியது. ஒரு டெராபைட் டிஸ்கில் 2400 பக்கம்கூட அடங்காது. "நான் டீ குடிச்சிட்டு வந்தாலும் அதே பக்கம்தான் ஓடுது" என்று மூன்றாம் நாள் அவரே அலுத்துக்கொண்டார்.

சரி என்று ஒரேயடியாக 200-க்கு இறக்கி, ஜேபெக்காக (நுணுக்கத்தை விட்டுக்கொடுத்து அளவைக் குறைக்கும் கோப்பு) சேமித்தேன். அதுதான் பெரிய தப்பு. பொடி எழுத்து அடிக்குறிப்புகளில் மெய்யெழுத்துப் புள்ளிகள் கரைந்துவிட்டன. எது 'பல்', எது 'பல' என்று திரையில் தெரியவில்லை. முந்நூறு பக்கத்துக்கு மேல் திரும்ப ஓட்டினேன், சொந்தச் செலவில்.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இருக்கிற புத்தகங்களிலேயே மிகப் பொடியான எழுத்துள்ள பக்கத்தைத் தேடி எடுத்து 300, 400, 600 மூன்றிலும் ஓட்டி, ஒரு புள்ளியைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். கால் மில்லிமீட்டர் புள்ளி 300-ல் மூன்று பிக்சல், 400-ல் நான்கு, 600-ல் ஆறு. நான்கு இருந்தால் எனக்குப் போதும். ஆகவே புத்தகத்துக்குப் பெரும்பாலும் 400, நுணுக்கத்தை விடாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக. டிபிஐ என்ன என்று கேட்பவர்களிடம், முதலில் உங்களிடம் இருக்கும் மிகச் சின்னப் புள்ளியைக் காட்டுங்கள் என்கிறேன்.

ராயபுரம் ஸ்டுடியோக்காரர்:
போட்டோ பிரிண்டுக்கு 600 வைத்தோம், நன்றாக வந்தது. அதே 600-ஐ 35 எம்எம் நெகட்டிவுக்கும் வைத்ததுதான் கூத்து. ஃபிரேமே 36-க்கு 24 மில்லிமீட்டர்தானே? 850-க்கு 567 பிக்சல் வந்தது. தீப்பெட்டிப் படத்துக்குத்தான் லாயக்கு. 4000-ல் எடுத்தால்தான் 2 கோடி பிக்சலைத் தாண்டும். இன்னொன்று, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெரிய நம்பரை நம்பாதீர்கள். லென்ஸும் சென்சாரும் உண்மையில் பார்ப்பது ஆப்டிகல் என்று போட்டிருக்கும் எண் வரைக்கும்தான், அதற்கு மேலே மென்பொருள் ஊகித்து நிரப்புவது. பழைய பத்திரிகைப் படங்களில் வேறு தொல்லை: அச்சுப் புள்ளிகளும் பிக்சல்களும் மோதிக் கோலம் போட்டதுபோல் அலையலையாக வரும். அதற்கும் 600-ல் எடுத்துப் பிறகு சுருக்குகிறோம்.

சுவடிப்பிள்ளை:
மயிலாப்பூர் அண்ணே, உங்கள் புள்ளிச் சோதனை ஓலையில் செல்லாது. பழைய சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியே வைக்க மாட்டார்கள். ஓலைக்குப் புள்ளி பொத்தலாகிவிடும் என்பார்கள். எழுத்து மையால் எழுதியதல்ல, எழுத்தாணிக் கீறல். கீறலுக்குள் மை தடவாத ஓலையை 300-ல் எடுத்தாலும் 1200-ல் எடுத்தாலும் வெறும் ஓலைதான் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தபோதுதான் கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழும்பியது. ஸ்கேனரை ஓரங்கட்டிவிட்டு கேமராவுக்கு மாறிவிட்டோம். வளைந்த ஓலையைக் கண்ணாடியில் அழுத்தவும் மனசு வராது, நொறுங்கிவிடும்.

மயிலாப்பூர்வாசி:
ஒப்புக்கொள்கிறேன் தம்பி. பொத்தல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியாமலிருக்கப் பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாள் வைப்பேன். பூச்சி அரித்த ஓட்டையெல்லாம் கறுப்பாகத் தெரிந்து, எழுத்தின் தலைமேல் அழகாக உட்கார்ந்துகொண்டது. "பல சொன்னான்" என்ற வரி "பல் சொன்னான்" ஆகிவிட்டது. தட்டச்சு செய்த பெண் மூன்று பக்கத்தை அப்படியே அடித்த பிறகுதான் கண்டுபிடித்தோம். இப்போது ஓட்டை உள்ள பக்கங்களுக்கு மட்டும் வெளிர்மஞ்சள் தாள்.